மலை இல்லாத நாட்டில் உயரம் தேடியவர்கள்

தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள ஒரு மலையின் பெயரைச் சொல் என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன் "சுவாமிமலை சார்" என்பான். வகுப்பே சிரிக்கும். ஆனால் அது சிரிக்க வேண்டிய பதில் இல்லை. சுவாமிமலை மனிதர்கள் கட்டிய மலை. கட்டுமலை என்றுதான் அதற்குப் பெயர். அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் அறுபது படிகள் ஏறினால் முருகன் சந்நிதி. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம். நம் பக்கம் குன்று இல்லை. அதனால் நம் முன்னோர்கள் குன்றையே கட்டிவிட்டார்கள்.

இன்று இதை எழுதக் காரணம் உண்டு. என்னிடம் படித்தவர்கள் சிலர் தேர்வெழுதி ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியிருக்கிறார்கள். சேலம், திண்டுக்கல் பக்கத்து நண்பர்கள் விடுமுறை நாளில் கைக்கருவியும் சிறு ஆன்டெனாவுமாக மலை உச்சிக்குப் போய் நூறு கிலோமீட்டர் தாண்டிப் பேசுகிறார்களாம். "நாம் எங்கே சார் போவது?" என்று கேட்கிறார்கள். இது புதிய கேள்வி இல்லை. தொலைவில் பார்க்கவோ பேசவோ விரும்பிய எல்லோரும் இந்த மண்ணில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பூமி உருண்டை என்பதால் நம் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. நாம் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57 ஆல் பெருக்குங்கள். அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வந்துவிடும். வரப்பில் நிற்பவன் கண் தரையிலிருந்து சுமார் 1.7 மீட்டர். அவனுக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. கைக்கருவிகள் பயன்படுத்தும் வி.எச்.எஃப். வானொலி அலையும் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். காற்றில் லேசாக வளைவதால் 3.57க்குப் பதில் 4.12 போட வேண்டும். 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் 13 கிலோமீட்டர். எதிர்முனையிலும் 10 மீட்டர் இருந்தால் இரண்டையும் கூட்டி 26 கிலோமீட்டர்.

இப்போது நம் நிலத்தைப் பாருங்கள். தஞ்சை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் நேர்கோட்டில் ஏறக்குறைய 77 கிலோமீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு இல்லை. தென்மேற்கே வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டை விட்டால் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரையில் மிக உயர்ந்த நிலம் இராமர் பாதம். அதன் உயரம் 4 மீட்டர்! காவிரி தண்ணீர் எல்லா வயலுக்கும் தானாகப் பாய்ந்து நெல் விளையக் காரணமும் இந்தச் சமதளம்தான். சோறு போட்ட நிலம் பார்வையை மறைத்துவிட்டது. போதாததற்குத் தென்னையும் பனையும் மூங்கிலும்.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்கள் கோயில் கட்டியவர்களும் கோட்டை கட்டியவர்களும். 1010இல் இராசராச சோழன் கட்டி முடித்த பெரிய கோயில் விமானம் 216 அடி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏறத்தாழ 66 மீட்டர். அந்த உச்சியின் அடிவானம் 29 கிலோமீட்டர். தஞ்சை அரண்மனை வளாகத்தில் இருக்கும் உயரமான மாடமாளிகை 190 அடி. அதன் மேலே நின்று திருவரங்கத்தைத் தரிசித்த பிறகுதான் நாயக்க மன்னர் உணவு கொண்டார் என்று நம் ஊரில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 190 அடி என்றால் 58 மீட்டர். அடிவானம் 27 கிலோமீட்டர். அந்தப் பக்கம் 40 மீட்டர் உயரக் கோபுர உச்சி ஒன்று இருந்தால் அதற்கு 22. கூட்டினால் 49. தஞ்சைக்கும் திருவரங்கத்துக்கும் நேர்த்தூரம் சுமார் 50. தெளிந்த காலையில், கணக்கின் விளிம்பில் நிற்கும் கதை இது. சொன்னவர்கள் ஒன்றும் தெரியாமல் சொல்லவில்லை என்று தோன்றுகிறது.

அடுத்து உயரம் தேடி வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். வில்லியம் லாம்ப்டன். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதுவே பின்னால் இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோண நில அளவையின் தொடக்கம். முறை எளிதுதான். ஒரு கோட்டின் நீளம் தெரிந்தால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள மூன்றாவது இடத்தைப் பார்த்துக் கோணம் அளந்தால் போதும். மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. ஆனால் மூன்று முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஆகவே மலை உச்சி வேண்டும். இன்றைய ஹாம் அன்பருக்கும் அன்றைய லாம்ப்டனுக்கும் தேவை ஒன்றேதான்: நடுவில் மறைப்பில்லாத நேர்ப்பாதை.

மேற்கு மாவட்டங்களில் அவருக்கு மலை கிடைத்தது. காவிரிப் படுகைக்குள் வந்ததும் திகைத்திருப்பார். மலைக்குப் பதில் இங்கே கோபுரங்கள். அவற்றையே அளவை நிலையங்களாக்கிக்கொண்டார்.

கோணம் அளக்க அவரிடம் இருந்த தியோடலைட் லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை ஏறத்தாழ அரை டன். அதன் கிடைவட்டம் மட்டுமே மூன்றடி அகலம். கப்பலில் வரும்போதே பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று அதைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டது. அறிவியல் கருவி என்று தெரிந்ததும் பிரெஞ்சு ஆளுநர் மரியாதையோடு சென்னைக்குத் திருப்பி அனுப்பினார். போர்க்காலத்திலும் அப்படி ஒரு பெருந்தன்மை!

1808இல் அந்தக் கருவியைத் தஞ்சைக் கோயில் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கட்டுக் கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு சுவரில் மோதியது. கிடைவட்டம் கோணிப்போனது. மாற்றுக் கருவி இங்கே கிடையாது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும். லாம்ப்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை முழுக்கக் கழற்றினார். ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு வளைந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். கோணிய ஆரங்களை மரச் சுத்தியலால் தட்டி நேராக்கினார். ஆறு வாரம் ஆனது. அதன் பிறகு அந்தக் கருவி பல ஆண்டுகள் உழைத்தது.

இந்தச் செய்தியை நமக்கு எழுதிவைத்தவர் லாம்ப்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட். லாம்ப்டன் பெயர் நூல்களில் நிற்கிறது. எவரெஸ்ட் பெயர் சிகரத்தில் நிற்கிறது. அந்தக் கூடாரத்துக்குள் மரச் சுத்தியல் பிடித்த கைவினைஞர்கள் யார்? கயிற்றை இழுத்தவர்கள் யார்? பித்தளையும் மரமும் அறிந்த அந்தக் கைகளின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. நில அளவை வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் சற்று நிறுத்துவேன்.

எவரெஸ்டுக்கும் பின்னாளில் இதே சிக்கல் வந்தது. 1830களில் கங்கைச் சமவெளிக்குள் நுழைந்தபோது அங்கேயும் மலை இல்லை. ஏறத்தாழ ஐம்பது அடி உயரத்தில் செங்கல் கோபுரங்கள் கட்டி, அவற்றின் உச்சியில் கருவியை வைத்தார். சோழநாட்டில் ஆயிரம் ஆண்டுகளாகக் கட்டி நின்றதை, வடக்கே காசு செலவழித்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

நம் கடற்கரையிலும் இந்த உயரத் தேவை இருந்தது. மல்லிப்பட்டினம் அருகே நெப்போலியனின் வீழ்ச்சியை நினைவுகூர இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா, சுமார் 75 அடி உயர அறுகோணக் கோபுரம். கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் ஒன்றும் நின்றது. 2004 சுனாமியில் அது போய்விட்டது.

கோபுரம், கலங்கரை விளக்கம் எல்லாம் அரசர் காலம். என் தலைமுறைக்கு உயரம் தேவைப்பட்டது தொலைக்காட்சிக்காக. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. அந்தப் படம் தஞ்சைக்கு எப்படி வரும்? சென்னை எங்கே, நாம் எங்கே! 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் ஒளிபரப்பு நிலையம் ஒன்று பிதுருதலாகலையில், அந்நாட்டின் மிக உயர்ந்த மலையில், 2,524 மீட்டர் உயரத்தில். அவ்வளவுதான், நாகை, வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் வீட்டுக்கு வீடு இரும்புக் குழாய்கள் எழுந்தன. ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, நாலாபுறமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆன்டெனா, நடுவில் பூஸ்டர். பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்பு வந்தது. அப்புறம் குழாயைத் தெற்கே திருப்பினால் இலங்கை, மேற்கே திருப்பினால் கொடைக்கானல். மாடியிலிருந்து "தெரியுதா?" என்று ஒரு குரல், கூடத்திலிருந்து "போச்சு, போச்சு, பழைய இடத்துக்கே திருப்பு!" என்று ஒரு குரல். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதிலும் ஓர் அறிவியல் இருந்தது. 2,524 மீட்டருக்கு வானொலி அடிவானம் 207 கிலோமீட்டர்தான். அந்த மலைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே சுமார் 385 கிலோமீட்டர். கணக்குப்படி படம் வரவே கூடாது. ஆனால் கடலின் மேல் காற்று அசையாத சில இரவுகளில், கீழே குளிர்ந்த ஈரக் காற்றும் மேலே வெப்பமான காற்றும் அடுக்காக நிற்கும். அந்த அடுக்கு அலையைக் கீழ்நோக்கி வளைத்து, ஒரு குழாய்க்குள் அனுப்புவதுபோல் வெகுதூரம் கொண்டுபோகும். அதனால்தான் ஒருநாள் கண்ணாடிபோல் தெரிந்த படம் மறுநாள் புழுதிப்படலமாக இருந்தது. பழுது குழாயிலும் இல்லை, பூஸ்டரிலும் இல்லை, வானத்தில் இருந்தது.

சரி, படம் பார்ப்பது பொழுதுபோக்கு. அது வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. குடிமுழுகும் நாள்கள் வேறு. 1952, 1977 நவம்பர் 12, 2004 டிசம்பர் 26, 2018 நவம்பர் 16. இந்தத் தேதிகளைக் கடலோரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கஜா கரையைக் கடந்த அந்த விடியலில் தென்னையோடு மின்கம்பங்களும் செல்பேசிக் கோபுரங்களும் சாய்ந்தன. சாயாத கோபுரங்களிலும் பேட்டரி தீர்ந்ததும் மௌனம். ஊருக்குள் யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே குடிதண்ணீர் வேண்டும் என்று பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சொல்ல வழியில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் ஹாம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று உலக அன்பர்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேர் போயிருந்தது. அங்கிருக்கும்போதே சுனாமி. அன்று முதல் அவர்கள் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, அந்தமானுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உயிர்ச்செய்திகளைக் கடத்தினார்கள்.

இப்போது என் மாணவர்களின் கேள்விக்கு வருகிறேன். அருகில் மலைகள் இல்லாமல் இல்லை. திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். அதன் வானொலி அடிவானம் 37 கிலோமீட்டர். தஞ்சையில் 10 மீட்டரில் ஆன்டெனா இருந்தால் இரண்டும் எட்டிப் பிடித்துக்கொள்ளும். கொல்லிமலையில் 1,300 மீட்டரில் ஒருவர் நின்றால் அவருடைய அடிவானம் 148 கிலோமீட்டர். கும்பகோணம் உள்ளே வரும். மயிலாடுதுறையும் உள்ளே வரும். நாகப்பட்டினம் 170 கிலோமீட்டரில், எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறது. புயல் எங்கே முதலில் அடிக்கிறதோ அந்த ஊர்தான் மலையிலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது. மலைக்குச் சுற்றுலா போய்வருவதால் இந்தக் குறை தீராது. கடலோரத்திலேயே உயரம் கண்டாக வேண்டும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மலையே தேவைப்படாத வழி. 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண்ணில், சுமார் 20 மீட்டர் நீளக் கம்பியை இரண்டு மரங்களுக்கு நடுவே ஆளுயரத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு உயரத்தில் கட்டினால் போதும். அலை நேரே மேலே போய், பல நூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு, மழைபோல் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். நாகையும் தஞ்சையும் சென்னையும் அந்த மழைக்குள் அடங்கும். தென்னை மறைக்காது. இரவில் இன்னும் குறைந்த அதிர்வெண்ணுக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதான். செயற்கைக்கோளும் இந்த வகைதான். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டில் இஸ்ரோ அனுப்பிய ஹாம்சாட், அன்பர்களுக்கென்றே பறந்த ஒரு சிறு மலை என்று சொல்லலாம். ஒன்பது ஆண்டுகள் உழைத்தது.

இரண்டாவது வழி, ஊருக்குள் இருக்கும் உயரத்தைத் தேடுவது. கைக்கருவிக்கும், படம் அனுப்பவும் இதுதான் வேண்டும். நகரும் படத்தை அனுப்ப உயர் அதிர்வெண்ணும் மறைப்பில்லாத பாதையும் கட்டாயம். நிற்கும் படத்தை மெல்ல மெல்ல ஒலியாக மாற்றி அனுப்பும் முறையோ குரல் போகும் வழியிலேயே போய்விடும். உடைந்த பாலத்தைக் காட்ட அது போதும். இடம் தேடும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

1. மரத்தின் தலைக்கு மேல் போக வேண்டும். நனைந்த தென்னை ஓலை அலையை விழுங்கும். தோப்புக்கு நடுவே மூன்று மாடி வீட்டைவிடத் திறந்த திடலின் ஓரத்தில் இரண்டு மாடிப் பள்ளிக் கட்டடம் மேல்.

2. நீங்கள் பேச வேண்டிய திசை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நாலு திசையும் வேண்டியதில்லை.

3. வெள்ளம் வந்தாலும் அங்கே போக வழி இருக்க வேண்டும். உயரம் இருந்து பாதை இல்லையென்றால் பயனில்லை.

4. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, புயல் பாதுகாப்பு மையம், பள்ளி மொட்டை மாடி. ஒவ்வொரு ஊராட்சியிலும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புயல் இரவில் சாவியைத் தேடி அலையக் கூடாது.

5. இடி மின்னல் இருக்கும்போது உயரத்தில் உலோகக் குழாயோடு நிற்கக் கூடாது. புயல் தணிந்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

6. கோபுரத்தில் ஏற வேண்டாம். லாம்ப்டன் காலத்தில் நம்மைக் கேட்பாரில்லை. இன்று அது ஆயிரம் ஆண்டு தாண்டிய சொத்து. காப்பது நம் கடமை. பூமி உருண்டை என்ற கணக்கைச் சொல்லிக்கொடுக்க மட்டும் அந்த உயரத்தைப் பயன்படுத்துவோம்.

25 மீட்டர் உயரத் தொட்டியின் உச்சிக்கு அடிவானம் 20 கிலோமீட்டர். சாதாரண மாடியில் 10 மீட்டரில் இருப்பவரோடு அங்கிருந்து 33 கிலோமீட்டர் பேசலாம். அப்படி மூன்று தொட்டிகளைச் சங்கிலியாகக் கோத்தால் வேதாரண்யத்துச் செய்தி தஞ்சைக்கு வந்துவிடும். லாம்ப்டன் முக்கோணம் முக்கோணமாக நாட்டைக் கோத்த அதே முறைதான்.

பள்ளிகளில் வேலை செய்யும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு சனிக்கிழமை மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். எந்தக் கட்டடம் உயரம், மரத்துக்கு மேல் எவ்வளவு தெரிகிறது, சாவி யாரிடம், வெள்ளத்தில் பாதை உண்டா என்று ஒரு பக்கத்தில் வரைபடமாக எழுதச் சொல்லுங்கள். நிழலை அளந்து உயரம் காணும் கணக்கு எட்டாம் வகுப்பிலேயே முடியும். பன்னிரண்டு வயதானவர்கள் ஹாம் தேர்வே எழுதலாம். அந்த வரைபடத்தின் அடியில் அளந்த பிள்ளைகளின் பெயர்களையும் எழுதிவையுங்கள். 1808இல் கயிறு இழுத்தவர்களின் பெயர்தான் நமக்குக் கிடைக்கவில்லை. இனி அளப்பவர்களின் பெயராவது நிற்கட்டும்.

உங்கள் ஊரில் மரத்துக்கு மேல் தலை தூக்கி நிற்கும் இடம் எது? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். தொகுத்துவைக்கிறேன்.